மாற்ற முடியாததை முதலில் பார்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது புதுப் பொருள் விற்கும் கடைகள். நான் தொழில் கற்றுக்கொண்ட கடை அங்கே ஒரு மாடியில் இருக்கிறது. பயன்படுத்திய கணினிகளைச் சீர்செய்து விற்பதுதான் எங்கள் வேலை. அலுவலகங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் டெஸ்க்டாப்கள் ‘லாட்’ என்ற பெயரில் எங்களிடம் வந்து சேரும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்கள்தாம். வாடிக்கையாளர்கள் முழுப் பெட்டியையும் ‘சிபியு’ என்பார்கள். கடையில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்.

கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். 486 ப்ராசஸர் காலத்திலிருந்து கணினியைத் திறந்து மூடிய கைகள் அவருடையவை. நான் பி.காம். முடித்துவிட்டு அங்கே பில் போடத்தான் சேர்ந்தேன். பில்லில் எழுதும் பொருள் என்னவென்றே தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தது என்னை உறுத்தியது. வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். “பில் மதியானம் போட்டுக்கலாம்மா. காலைல வந்து தூசி தட்டு” என்றார்.

தூசி தட்டுவதிலேயே முதல் திருத்தம் வந்தது. ப்ளோயரை ஓட்டி ஹீட் சிங்க்கின் மேல் பிடித்தேன். மேலிருந்த ஃபேன் விர்ரென்று சுழன்று கீச்சிட்டது. சுத்தமாகிறது என்று நினைத்து நான் இன்னும் அருகே கொண்டுபோனேன். பாய் எழுந்து வந்து ஃபேன் இறக்கையில் ஒரு விரலை வைத்து நிறுத்தினார். வெளிக்காற்றில் அளவுக்கு மீறிச் சுழலும் ஃபேனின் பேரிங் தேய்ந்துபோகும். சுழலும் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் தள்ளவும் கூடும். அன்றிலிருந்து இடது கைச் சுட்டுவிரல் ஃபேனிலும் வலது கை ப்ளோயரிலும் இருக்கப் பழகின.

தூசியைத் தட்டும் முன் அதைப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். காற்று நுழையும் முன்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சாகப் படிந்திருந்தால் அது அலுவலகத் தூசி. தொட்டால் பிசுபிசுத்துக் கறுப்பாக ஒட்டினால் பட்டறையிலோ சமையல் புகைக்கு அருகிலோ இருந்த பெட்டி. அடிப்பக்கத்துத் திருகுகளின் தலையில் துரு, யுஎஸ்பி துளைகளின் ஓரத்தில் வெண்மையான பூப்பு தெரிந்தால் எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய நீரையும் பார்த்த ஊர் இது. நனைந்து காய்ந்த பெட்டிகள் அதன் பிறகு எந்த லாட்டிலும் கலந்து வரலாம். வெளியே துடைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அடித்திருகின் துருவை மாற்ற யாருக்கும் நினைவு வராது.

தூசி தட்டிக்கொண்டே மாடல்களின் பெயர்கள் மனப்பாடமாயின. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. ஒருநாள் லாட் எடுக்கும் இடத்துக்குப் பாயுடன் போயிருந்தேன். இரண்டு பெட்டிகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டார். ஒன்றில் ஐ7-2600. இன்னொன்றில் ஐ3-8100. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐ7 என்ற எழுத்தைப் பார்த்ததும் நான் அதைத் தூக்கினேன்.

“ஏம்மா, அந்த நம்பரை முழுசாப் படி” என்றார்.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் அதன் வயது. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. 8100 என்றால் எட்டாம் தலைமுறை. இரண்டிலும் நான்கு கோர்கள்தாம். பழையதில் ஹைப்பர் த்ரெடிங் உண்டு, புதியதில் இல்லை. அப்படியிருந்தும் அன்றாட வேலையில் ஐ3-8100 பின்தங்குவதில்லை. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். அதற்கு மேல் ஒரு விஷயம் இருந்தது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும்; விதிவிலக்குகள் மிகச் சில. பழைய பெட்டியில் சுற்றுவழியாக ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. பாய் அப்படிச் செய்வதானால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். டைப்பிங், பில்லிங், இணையம் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றிக் காட்டி, பிடித்தால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னதை இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன். “ராம் போடலாம், ஹார்ட் டிஸ்க் மாத்தலாம். போர்டு எந்தத் தலைமுறையோ அதுதான் கடைசி வரைக்கும். பெட்டியோட அளவும் அதேதான். மாத்த முடியாததை முதல்ல பார்த்து வாங்கு.” குறைந்த விலையில் பழைய கணினி வாங்க நினைக்கும் எவருக்கும் நான் சொல்வது இதைத்தான். நான்கு ஜிபி ராம்தான் இருக்கிறது என்று ஒரு நல்ல போர்டை ஒதுக்கிவிட்டு, பதினாறு ஜிபி போட்டிருக்கிறார்கள் என்று பழைய போர்டை வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

பாய் சொன்னது அப்போது காதில் விழுந்தாலும் கையில் இறங்கவில்லை. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மகனுக்காகத் திண்டிவனத்திலிருந்து ஓர் ஐயா வந்திருந்தார். பையன் குறும்படம் எடிட் செய்ய வேண்டும். சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஒல்லியான ஆப்டிபிளெக்ஸ் 9020 ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 255 வாட்தான் என்று தெரியும். “அதை எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போட்டுடலாங்கய்யா” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கீழ்க் கடையிலிருந்து 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி வந்தேன்.

பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தால் அது உள்ளே நுழையவே இல்லை. ஒல்லிப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வடிவம். வெளியே வைத்தாவது வயரை மாட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். வாங்கி வந்ததில் 24 முனைகள் கொண்ட பிளக். போர்டில் இருந்ததோ 8 முனைகள் மட்டுமே கொண்ட துளை. சரியான கனெக்டர் என்றால் கை ஒரு சிறு எதிர்ப்பை உணரும், பிறகு கொக்கி ‘டக்’ என்று விழும். இங்கே என் கைக்கு வைக்க இடமே கிடைக்கவில்லை. ஐயா எதுவும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஏறாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாய் வந்து ஒரு பார்வை பார்த்தார். நேராக ஐயாவிடம் போய், “தப்பாச் சொல்லிட்டோங்கய்யா. இந்தப் பெட்டில அது ஏறாது” என்றார். ‘சொல்லிட்டோம்’ என்றுதான் சொன்னார். பிறகு அதே 9020இன் டவர் பெட்டியை இறக்கினார். அதில் முழு உயரக் கார்டு நிற்கும். எஸ்எம்பிஎஸ் 290 வாட். போர்டில் கார்டு செருகும் நீண்ட ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போல அதற்குள் அடங்குகிற கார்டு என்றால் தனி வயரும் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸையும் தொட வேண்டாம். அப்படி ஒரு கார்டைத் தேடி வாங்கி வந்து மாட்டி, ஒரு வீடியோவை ரெண்டர் போட்டு, பெட்டியின் பின்பக்கத்தில் கை வைத்து வெப்பக் காற்று வருவதை ஐயாவுக்கே காட்டினார்.

அன்று மாலை ஒரு கோடு போட்ட நோட்டு என் மேசைக்கு வந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு மாடலையும் திறந்து பார்த்து எழுத வேண்டும் என்பது கட்டளை. 3020இல் ராம் ஸ்லாட் இரண்டு, 9020இல் நான்கு. 3040இல் டிடிஆர்3எல், 3050இல் டிடிஆர்4. 7050இல் எம்.2 ஸ்லாட் உண்டு, 9020இல் இல்லை. பின்பக்கத் தகடு அரை உயரமா முழு உயரமா, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், போர்டுக்குப் போகும் பிளக்கில் எத்தனை முனை என்று எல்லாம் அதில் ஏறின. இணையத்தில் பார்த்து எழுதக் கூடாது. பெட்டியைத் திறந்து விரலால் தொட்டுவிட்டு எழுத வேண்டும். அந்த நோட்டு இப்போது மூன்றாவது தொகுதிக்குப் போயிருக்கிறது. நான் இல்லாத நாள்களில் பாயே அதை எடுத்துப் பார்ப்பதுண்டு.

ராம் மாட்டுவது எளிது என்பார்கள். பட்டையின் அடியில் உள்ள வெட்டு டிடிஆர்3இல் ஓர் இடத்திலும் டிடிஆர்4இல் வேறோர் இடத்திலும் இருக்கும். தவறான பட்டை உட்காராது, அழுத்தினால் போர்டுதான் வளையும். சரியான பட்டையில் கட்டைவிரல்கள் இரண்டும் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பக்கவாட்டுக் கொக்கிகள் தாமாக எழுந்து பட்டையைக் கவ்வும். நான் தொடக்கத்தில் ஒரு முனையை இறக்கிவிட்டு மறுமுனையை இறக்குவேன். கொக்கி மூடியதாகத் தோன்றும். பவர் பட்டனில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு மின்னும், டிஸ்ப்ளே வராது. “கொக்கியை நீ மூடாதே, அது தானா மூடணும்” என்று பாய் பலமுறை சொல்லிய பிறகுதான் என் கட்டைவிரல்கள் ஒருசேர இறங்கின. பொன்னிற முனைகள் மங்கியிருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் விழாதபடி துடைப்பதும் அப்போது கற்றதுதான். எட்டு ஜிபி ஒரே பட்டையாகப் போடுவதைவிட நான்கும் நான்குமாக இரண்டு சேனலில் போட்டால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் படம் ஓடுவதில் வித்தியாசம் தெரியும். அந்தப் பெட்டிகள் திரைக்கான நினைவகத்தையும் இதே ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

ராமைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகுதான் என் பெரிய தோல்வி நடந்தது. நன்றாக இருந்த ஒரு 7050. நான்கு ஸ்லாட்டில் இரண்டு வேலை செய்யவில்லை. ஒரு சேனலில் பட்டை போட்டால் திரை வந்தது, மறு சேனலில் போட்டால் வரவில்லை. பட்டைகளை மாற்றினேன். ரப்பர் போட்டேன். ஸ்லாட்டுக்குள் தூரிகை விட்டேன். போர்டிலுள்ள காசு வடிவ சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் பயாஸை ரீசெட் செய்தேன். இன்னொரு பெட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பட்டைகளை எடுத்து வந்து போட்டேன். அதே நிலைதான். மாலையில் பாயிடம் போய், “போர்டு போயிடுச்சு பாய்” என்றேன்.

அவர் போர்டைப் பார்க்கவில்லை. “ப்ராசஸரைக் கடைசியா எடுத்தது யாரு?” என்று கேட்டார்.

நான்தான். முந்தைய நாள், வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைக்க அதைக் கழற்றியிருந்தேன். சாக்கெட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பேஸ்ட்டையும் ஒரு துணியால் துடைத்தேன். இன்டெல் டெஸ்க்டாப்களில் பின்கள் ப்ராசஸரில் இருப்பதில்லை, சாக்கெட்டில்தான். இந்தச் சாக்கெட்டில் 1151 பின்கள், முடியைப் போல மெலிந்தவை. ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியோ ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ஒரு பின் வளைந்தால் அதன் நோவு எங்கோ தள்ளியிருக்கும் ராம் ஸ்லாட்டில் தெரியும். நான் நாள் முழுக்க வைத்தியம் பார்த்தது வலித்த இடத்துக்கு.

ப்ராசஸரை எடுத்தோம். பாய் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பின்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வரிசை வரிசையாக ஒளியைத் திருப்பின. ஓர் இடத்தில் மட்டும் வரிசை அறுந்தது. துணியின் ஒரு நூல் இழுத்ததில் ஒரு பின், பக்கத்துப் பின்னின் மேல் படுத்திருந்தது.

அவர் செய்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஈயக்குச்சி இல்லாத ஒரு மெக்கானிக்கல் பென்சிலை என் கையில் கொடுத்தார். அதன் உலோக நுனியின் துளைக்குள் பின்னின் முனையை நுழைத்து, மெதுவாக நிமிர்த்த வேண்டும். உருப்பெருக்கி விளக்கின் கீழே குனிந்தேன். விரல் நடுங்கியது. முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றச் சொன்னார். மூச்சை விட்டுக்கொண்டே அசைக்கச் சொன்னார். “நீங்களே பண்ணிடுங்க பாய்” என்றேன். “நான் பண்ணா எனக்குத்தாம்மா பழக்கம் வரும்” என்றார். முதலில் நான் அதைத் தேவைக்கு மேல் நிமிர்த்திவிட்டேன். வளைத்த உலோகத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும் என்பது இருவருக்கும் தெரியும். வெகுநேரம் கழித்து மறுபடி தொட்டேன். டார்ச்சைச் சாய்த்தபோது வரிசை சேர்ந்திருந்தது. ப்ராசஸரை வைத்து, நான்கு பட்டைகளையும் போட்டு, பட்டனை அழுத்தினேன். பயாஸில் நான்கும் தெரிந்தன.

அந்தப் பெட்டியைப் பாய் விற்கவில்லை. ஒரு முறை வளைந்து நிமிர்ந்த பின்னை வைத்துக்கொண்டு ஒருவருக்கு வாரண்டி எழுதித் தர அவருக்கு மனம் வரவில்லை. கடையில் ராம் சோதிக்கும் பெட்டியாக அது இன்றும் ஓடுகிறது. சாக்கெட் அருகே துணி வரக் கூடாது, ப்ராசஸர் வெளியே வந்த நொடியே பிளாஸ்டிக் மூடி சாக்கெட்டின் மேல் ஏற வேண்டும் என்ற இரண்டையும் புதிதாகச் சேருபவர்களுக்கு இப்போது நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பேஸ்ட் வைப்பதும் அப்படித்தான் பழகியது. ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று நினைத்தவள் நான். துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் வைத்து, ஹீட் சிங்க்கை நேராக இறக்கி, திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஓரமாக ஒதுங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் மாட்டிய உடனே கழற்றிக் காட்டச் சொல்வார் பாய். படிந்த தடத்தைப் பார்ப்பார், துடைப்பார், மறுபடி வைக்கச் சொல்வார். பேஸ்ட் வீணாகிறதே என்றதற்கு, பெட்டி வீணாகவில்லையே என்றார். கழற்றிய தடம் நான்கு மூலைக்கும் மெல்லியதாக, சீராகப் பரவியிருந்த அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போனார். முழு வேலை கொடுத்துச் சோதித்தபோது எண்பதுகளில் இருந்த வெப்பம் அறுபதுகளிலேயே நின்றது.

எஸ்எஸ்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பழைய பெட்டியை மாற்றுவதில் இதைவிட எளிய வேலையும் இல்லை, இதைவிடப் பலன் தருவதும் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூற்றைம்பது எம்பி அளவில் படிக்கும் இடத்தில், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தாண்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ஒரே ஓர் எச்சரிக்கை: எம்.2 வடிவத்தில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. அதில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. பெட்டி எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இப்போது லாட் எடுக்கப் பாய் என்னைத் தனியாக அனுப்புகிறார். முதலில் பெட்டியைக் கவிழ்த்து அடித்திருகுகளைப் பார்க்கிறேன். பிறகு ப்ராசஸரின் முழு எண். பிறகு மூடியைத் திறந்து ஸ்லாட்டுகள், எஸ்எம்பிஎஸ், வீங்கிய கெப்பாசிட்டர் ஏதாவது உண்டா என்று ஒரு பார்வை. ராம் எவ்வளவு என்பதைக் கடைசியில்தான் கேட்கிறேன். விற்பவர் அதைத்தான் முதலில் சொல்வார்.

அலுவலகப் பெட்டிகளில் பயாஸ் பாஸ்வேர்டு பூட்டோடு வருபவை நிறைய. 9020 போன்றவற்றில் போர்டிலுள்ள சிறு ஜம்பரைக் கழற்றினால் திறந்துவிடும். வேறு சிலவற்றுக்கு, எட்டுக் கால் கொண்ட பயாஸ் சிப்பின் மேல் கிளிப்பைக் கவ்வவைத்து, உள்ளிருப்பதைப் படித்து, திருத்தி எழுத வேண்டும். வாங்கிய பில் கையில் இல்லாத பெட்டியின் பூட்டைப் பாய் தொடுவதில்லை. அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். பில் உள்ளவற்றில் இந்த வேலையைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் எழுதும் பொத்தானை அழுத்தலாம். நேற்று படித்தவை ஒத்துப்போகவில்லை. கிளிப்பைக் கழற்றி, கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி மாட்டியிருக்கிறேன்.